அம்மா உன் கடைக்கு வந்த நாள்

அன்பு மகன் ஜூட்,

நேற்று நீ தொலைபேசியில் கேட்டதற்கு நான் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. "அம்மாவுக்குக் கோபமோ அப்பா? ஏன் சொல்லாமக் கொள்ளாம எழும்பிப் போனவா?" என்று நீ கேட்டபோது அவள் எனக்குப் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றி எப்படிப் பேசுவது? "பஸ்ஸுக்கு நேரமாச்சு, அதுதான் வெளிக்கிட்டனாங்கள்" என்று சமாளித்தேன். நீ நம்பவில்லை. பச்சை மீன் வெட்டும் அந்த மேசையையே எடுத்துவிடப் போவதாகச் சொன்னாய். சோறு, கொத்துரொட்டி, பிரியாணி என்று ஊரோடு ஒத்துப் போகிறேன், அம்மா வந்து இருக்க முடியாத கடை எனக்கு எதற்கு என்றாய். அதனால்தான் இன்று பேனையை எடுத்துக்கொண்டு இருக்கிறேன். நீ யப்பானில் இருந்த காலத்தில்கூட உனக்கு நான் இரண்டு வரிக்கு மேல் எழுதியதில்லை. இது கொஞ்சம் நீளமாகப் போகும். கடை பூட்டியிருக்கும் நாளில் ஆறுதலாக இருந்து வாசி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் கோபம் இல்லை. நீ எந்த மேசையையும் எடுக்க வேண்டாம். நாங்கள் உன் கடைக்கு வந்த அன்று நீ அடுப்புப் பக்கம் திரும்பி நின்ற கொஞ்ச நேரத்துக்குள் ஒன்று நடந்தது. நீ அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். இந்த வயதில் இனிப் பெரிதாக எதையும் காணப்போவதில்லை என்று நினைத்திருந்த எனக்கு, அதைப் பார்த்ததில் இருந்து மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

அம்மா ஏன் மீன் சாப்பிடுவதில்லை என்று நாங்கள் மூவரும் ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை. உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அவ்வளவுதான். கடல் ஊருக்குள் ஏறி வந்த அந்தக் காலை, நீயும் நானும் புதுக்குடியிருப்பில் மாமி வீட்டில் இருந்தோம். வீட்டில் அம்மாவும் உன் தங்கச்சி ஜெசியும் மட்டும். தண்ணீர் வரும் இரைச்சலைக் கேட்டுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் ஓடியிருக்கிறாள். தாழம் பற்றைக்குள் சிக்கியிருந்த அவளை மத்தியானம் கண்டெடுத்தார்கள். இடுப்பில் பிள்ளை இல்லை. பிறகும் நாங்கள் கண்டெடுக்கவில்லை. நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு கல்லறைகூட எங்களால் கட்ட முடியாமல் போனது. ஊரில் பலர் கொஞ்சக் காலம் மீனைத் தொடவில்லை. பிறகு பசியும் தொழிலும் ஒவ்வொருவராகப் பழையபடி ஆக்கிவிட்டன. அவள் மட்டும் தொடவில்லை. ஒரேயொரு தடவை என்னிடம் சொன்னாள்: "அந்தக் கடலுக்குள்ளைதான் என்ரை பிள்ளை இருக்கிறாள். அதுக்குள்ளையிருந்து வாறதை நான் என்னெண்டு வாயில வைக்கிறது?" அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை எடுக்கவில்லை. கரைக்குப் போவதையும் அவள் விட்டுவிட்டாள். கடற்காற்று வீசும் வீட்டில் இருந்துகொண்டே இத்தனை வருடமும் கடலைப் பார்க்காமல் வாழ்ந்தாள்.

ஆனால் எங்களுக்கு மீன் இல்லாமல் அவள் ஒருநாளும் சோறு போட்டதில்லை. நான் பிடித்து வந்ததைத் துப்புரவாக்கி, புளிவிட்டு, தேங்காய்ப்பால் சேர்த்துக் குழம்பு வைப்பாள். நாக்கில் மட்டும் படவிட மாட்டாள். "ஜூட், ஓடிவா, உப்புப் பார்" என்று குசினியில் இருந்து அவள் கூப்பிடுவாள். நீ விளையாட்டை விட்டுவிட்டு ஓடிப்போய் அகப்பையில் இருந்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் புளி வேணும் அம்மா" என்று பெரிய மனிதன்போலச் சொல்வாய். போருக்குப் பிறகு எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் தகரத்தில் அடைத்த மீன் தந்த நாள்களில் தன் பங்கை உன் கோப்பையில் போட்டுவிட்டுப் பருப்பைப் பிசைந்து சாப்பிட்டாள். நீ சமையல் படிக்கப் போகிறேன் என்று கொழும்புக்கு வெளிக்கிட்டபோது கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இருக்கவில்லை. தாய்க்காக ருசி பார்த்து வளர்ந்த பிள்ளை வேறு எதைப் படிக்கும்?

பிறகு யப்பானுக்குப் போனாய். அங்கே பச்சை மீன் வெட்டப் பழகுகிறாய் என்று தெரிந்ததும் நான் அம்மாவிடம், "ஹோட்டல்ல வேலை" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. நீ திரும்பிவந்து கிளிநொச்சியில் கடை போடுகிறேன் என்றபோது, கொழும்பில் போட்டிருந்தால் நல்லது என்று எனக்குப் பட்டது. கண்டி வீதியால் போகிற பஸ்காரன் தேத்தண்ணியும் வடையும் கேட்பான், யப்பான் சாப்பாடா கேட்பான் என்று உன்னிடமே சொன்னேன். நீ, "வெளிநாட்டில இருந்து வாற எங்கட சனம் இதைக் கொழும்பிலதான் தின்னோணுமோ அப்பா? எங்கட மீன், எங்கட நண்டு. இஞ்சை வந்து தின்னட்டும்" என்றாய். நீ சொன்னதுதான் சரி. அதை நான் உன் கடையில் என் கண்ணால் பார்த்தேன்.

நாங்கள் வந்த அன்று உள்ளே காலை வைத்ததும் உன்னிடம் வேலை செய்யும் பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் ஏதோ கத்தினார்கள். அம்மா திடுக்கிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னப்பா, ஏசுகினமோ?" என்றாள். பரிமாறுகிற பிள்ளை சிரித்துக்கொண்டு ஓடி வந்து, "இல்லையம்மா, அது யப்பான் பாஷையில வாங்கோ எண்டு சொல்லுறது" என்று எங்களைக் கூட்டிக்கொண்டு வந்து உனக்கு நேர் முன்னால், அந்தப் பாலைமரப் பலகைக்குப் பக்கத்தில் உயரக் கதிரையில் இருத்தினாள். கால் நிலத்தில் படாமல் ஆடிக்கொண்டிருந்ததில் அம்மாவுக்கு வெட்கம். உன்னைப் பார்த்ததும் வெட்கம் போய்விட்டது. வெள்ளை உடுப்பும் நெற்றியில் கட்டிய துணியுமாக நீ நின்றாய். பலிபீடத்தில் பூசைக்கு நிற்கும் ஆளைப் பார்ப்பதுபோல அவள் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று நீ எங்கள் முன்னால் வைத்தவற்றை ஒவ்வொன்றாக இப்போதும் என்னால் சொல்ல முடியும். முதலில் பனங்கிழங்கு ஒடியல் மா கரைத்த சூடான கூழ், சின்னக் கிண்ணத்தில். முருங்கையிலையைக் கொத்தோடு மெல்லிய மாவில் தோய்த்துப் பொரித்திருந்தாய். கடித்தால் கண்ணாடி உடைவதுபோல நொறுங்கியது. நண்டுச் சதையைப் பிரட்டி, சோற்றுக்குள் வைத்து, கறுத்த தாளில் சுருட்டி வெட்டியிருந்தாய். அது என்ன தாள் என்று கேட்டேன். கடற்சாதாளையைக் காயவைத்துச் செய்தது என்றாய். என் வாழ்நாள் முழுக்கப் பாசியாக வலையில் சிக்கும் சாதாளையை உதறி உதறித் தோள் நொந்தவன் நான். அதைத் தின்னலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. குச்சியால் எடுக்கப் போய் இரண்டு முறை மடியில் விழுத்தினேன். "கையால எடுங்கோ அப்பா. யப்பான்காரரும் இதைக் கையாலதான் சாப்பிடுகினம்" என்றாய். யப்பான்காரர்மேல் எனக்கு அப்போதுதான் மரியாதை வந்தது.

அம்மாவுக்கு நீ தனியாக ஒரு தட்டு வைத்தாய். குளத்துத் தாமரைக்கிழங்கு, சுட்ட கத்தரிக்காய், புளிப்பு மாங்காய் வைத்த சோற்றுருண்டை. அவள் அதைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏன் ராசா கடைக்கு உமி எண்டு பேர் வைச்சனீ? நெல்லுக் குத்தினா வெளியில வீசுறதெல்லோ உமி? சனம் பகிடி பண்ணுது." நீ கத்தியைத் துடைத்தாய். துடைத்த கத்தியையே இன்னொரு தடவை துடைத்தாய். "அது யப்பான் சொல் அம்மா" என்றாய். "என்ன கருத்து?" என்று அவள் விடவில்லை. "கடல்" என்று தலையை நிமிர்த்தாமல் சொன்னாய். அவள் மாங்காய்த் துண்டு ஒன்றை எடுத்து வாயில் வைத்து நெடுநேரம் மென்றாள். அந்த இடத்தில் நான்கூடப் பயந்துதான் போனேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கென்று நீ மீன் வெட்டத் தொடங்கினாய். தம்பி, இதை நான் எப்படி எழுதுவேன் என்று தெரியவில்லை. மீன் என்றால் எனக்குப் படகின் அடியில் துடிப்பது. கரை மணலில் கொட்டி ஏலம் கூறுவது. ஐஸ் பெட்டிக்குள் எறிவது. அறக்குளா மீனை வாலில் பிடித்துத் தூக்கி எறிந்திருக்கிறேன், காலால் தள்ளியிருக்கிறேன். நீ ஈரத்துணியை விலக்கி, அந்தத் துண்டை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்துப் பலகையில் வைத்தாய். வேறொரு சுத்தமான துணியால் மெல்ல ஒற்றினாய். கத்தியை ஒரே இழுப்பில் உன் பக்கம் இழுத்தாய். விழுந்த துண்டைத் தூக்கியபோது அதற்குள்ளால் வெளிச்சம் தெரிந்தது. சிப்பியின் உட்பக்கத்தில் இருக்குமே, அந்த நிறம். இத்தனை காலமும் நான் பிடித்த மீனுக்குள் இந்த அழகு இருந்திருக்கிறது. நான் அதன் நிறையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். சோற்றுக்கு மேல் வைத்து இரண்டு விரலால் ஒரு அழுத்து அழுத்தி என் முன்னால் வைத்தாய். வாயில் வைத்து மெல்ல மென்றேன்; அதற்குள் இன்னும் இரண்டு வெட்டி வைத்தாய்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. உன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் சாய்ந்து, உனக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, பாருங்கோவன். குளிக்க வார்த்த பிள்ளையைத் துடைக்கிற மாதிரியெல்லோ துடைக்கிறான்." பிறகு உன்னிடம் கேட்டாள். "தம்பி, இது எங்கத்தையான் மீன்?" நீ முகம் மாறிப்போய், "எங்கட கரை மீன்தான் அம்மா. விடியத்தான் முல்லைத்தீவில இருந்து வந்தது" என்று சொல்லிவிட்டு, அவள் கண்ணுக்குப் படாமல் இருக்கட்டும் என்று என் தட்டை அந்தப் பக்கம் நகர்த்தினாய். அந்த நேரம் பார்த்துத்தான் கனடாவில் இருந்து வந்திருந்த குடும்பம் ஏதோ கேட்டது. நீ அடுப்புப் பக்கம் திரும்பினாய்.

நீ திரும்பியதும் அவள் கையை நீட்டி என் தட்டை இழுத்தாள். நான் தடுக்கவில்லை. என்ன செய்யப் போகிறாள் என்றே எனக்கு விளங்கவில்லை. இடது உள்ளங்கையை விரித்து, அதற்குக் கீழே வலது கையை வைத்து, "இதில வையுங்கோ" என்றாள். கோவிலில் நற்கருணை வாங்கும்போது எப்படிக் கையை ஏந்துவாளோ அதேமாதிரி. நான் ஒரு துண்டை எடுத்து வைத்தேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். உன் சட்டியில் எண்ணெய் இரைந்தது, பின்னால் கனடாப் பிள்ளைகள் சிரித்தார்கள், வீதியில் லொறி போனது. யாருக்கும் ஒன்றும் தெரியாது. திடீரென்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு கதிரையில் இருந்து இறங்கிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். நீ திரும்பிப் பார்த்தபோது அவளுடைய முதுகைத்தான் கண்டிருப்பாய்.

பின்னால் ஓடினேன். மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் இடத்தில், வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய்க்குள் அது அப்படியே இருந்தது. விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. "ஏலாட்டித் துப்பு, ஒருத்தரும் பாக்கேல்லை" என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கண்ணால் தண்ணீர் ஓடியது. மென்றாள். நின்றாள். மறுபடி மென்றாள். பிறகு விழுங்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "துப்ப வேண்டி வந்தாப் பிள்ளையின்ரை கடைக்குள்ளை துப்பக்கூடாதெண்டுதான் வெளியில வந்தனான்" என்றாள். அவளாகவே சொன்னாள். "அவள் இருக்கிற கடல்தானே இது. நான் இவ்வளவு காலமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்திட்டன். இவன் அதில இருந்து வாறதை இரண்டு கையாலையும் ஏந்தி வைக்கிறான். அதைப் பாத்த பிறகு எனக்கு வேண்டாம் எண்டு சொல்ல வாய் வரேல்லை." பிறகு ஏதோ புதுமையைக் கண்டுபிடித்தவள்போல என்னைப் பார்த்தாள். "இனிக்குதப்பா. மீன் இனிக்குமெண்டதே எனக்கு மறந்துபோச்சு."

உள்ளே வந்து உன்னிடம் சொல்லிவிட்டுப் போவோம் என்றேன். "இப்ப அவன்ரை முகத்தைப் பாத்தால் ஒப்பாரி வைச்சிடுவன். ஆக்கள் சாப்பிடுற இடம். வேண்டாம்" என்றாள். பஸ்ஸும் வந்துவிட்டது. அதுதான் நடந்தது. கடல்நீரேரிக்கு மேலால் போகும் வட்டுவாகல் பாலத்தில் பஸ் ஏறும்போது எப்போதும் செபமாலையை எடுத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவாள், உனக்குத் தெரியும். அன்று கண்ணாடிப் பக்கம் திரும்பி, இரண்டு பக்கத் தண்ணீரையும் பாலம் முடியும்வரை பார்த்துக்கொண்டு வந்தாள்.

இனி உனக்கு ஒரு சொல். அவளிடம் இதைப் பற்றி நீயாகக் கேட்காதே. அடுத்த முறை வரும்போது அவளைச் சுற்றி நின்று, சாப்பிடுகிறாளா என்று பார்க்காதே. எடுத்தால் எடுக்கட்டும், எடுக்காவிட்டால் விடு. ஒரு துண்டைத் தின்றுவிட்டாள் என்பதற்காக எல்லாம் ஆறிவிட்டது என்று நானும் நினைக்கவில்லை, நீயும் நினைக்காதே. உன் கடைக்கு வந்து, பச்சையாகத் தின்ன மாட்டேன், பொரித்துத் தா என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களைப் பட்டிக்காடு என்று நினைத்துவிடாதே. எங்கள் சனத்தில் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று தொண்டைக்குள் இறங்காமல் நிற்கிறது. காரணம் கேட்காமல் பொரித்துக் கொடு. ஆனால் அந்த மீன் வெட்டும் மேசையை மட்டும் எடுத்துவிடாதே. நான் உனக்கு வலை வீசப் பழக்கினேன், இயந்திரம் கழற்றப் பழக்கினேன். மீனை அப்படித் தொட நான் பழக்கவில்லை, எனக்கே தெரியாது. அது உன் கையில் இருக்கிறது. அது இருக்கும்வரை யார் சிரித்தாலும் நீ கூச வேண்டாம்.

இந்தக் கடிதத்தை நேற்று இரவே எழுதத் தொடங்கியிருந்தால் இத்தோடு முடித்திருப்பேன். இன்று காலை இன்னொன்று நடந்தது. நேற்று நான் உன்னோடு பேசியதை வெங்காயம் உரித்துக்கொண்டே அவள் கேட்டிருக்கிறாள். விடிந்ததும் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கரைப் பக்கம் போட்டு வருவமே?" என்றாள். நான் பிழையாகக் கேட்டுவிட்டேனோ என்று நினைத்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றாள். நடந்தோம். படகுக்காரர் வந்து மீன் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். தெரியாத பெடியன்களுக்குக்கூடத் தெரிந்தவர்கள் காதுக்குள் சொல்லியிருக்க வேண்டும். ஒருவரும் கிட்ட வரவில்லை. வழியை மட்டும் விட்டார்கள்.

அவள் செருப்பைக் கழற்றி மணலில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். முழங்கால் வரை போனாள். நான் பின்னால் நின்றேன், பிடிக்கவில்லை, விழுந்தால் பிடிக்கும் தூரத்தில் நின்றேன். ஒரு அலை வந்து சேலையை நனைத்தது. அவள் பின்வாங்கவில்லை. குனிந்து, சின்னப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிவதுபோலக் குனிந்து, தண்ணீரோடு பேசினாள். எங்கள் வீட்டில் இத்தனை வருடமாக யாரும் சத்தமாகச் சொல்லாத பெயரை அவள் சொன்னாள்.

"ஜெசி, அண்ணா கடை போட்டிருக்கிறான் பிள்ளை. கிளிநொச்சியில. நல்ல வடிவான கடை."

இப்படிக்கு,
உன் அப்பா